உள்ளம் மாறினால் ஊர் மாறும்

சட்டம் மாறினால் சமூகம் திருந்திவிடும் என்று சிலர் கருதுகின்றனர். ஆட்சி மாறினால் எல்லாம் சரியாகும் என்பர் வேறு சிலர். இவை பாதி உண்மைகளே. உள்ளத்தில் ஊன்றிய நம்பிக்கையும் நிய்யத்தும் மாறாதவரை வெளியில் செய்யும் மாற்றம் வேர் பிடிப்பதில்லை. இதற்குச் சரித்திரத்தில் நல்ல சான்று ஒன்றுண்டு.

பெஷாவரை அடுத்த உத்மான்ஸாயில் 1890-ல் பிறந்தவர் 'எல்லை காந்தி' எனப் புகழ்பெற்ற கான் அப்துல் கபார் கான். அவருடைய பட்டாணிய மக்களிடையே 'பதல்' என்னும் பழிக்குப் பழி வாங்கும் வழக்கம் ஆழப் பதிந்திருந்தது. பாட்டன் காலத்துப் பகையைப் பேரன் தீர்க்கவேண்டும். தவறினால் மானம் போயிற்று என்பது அவர்கள் எண்ணம். குலத்தோடு குலம் பகைத்து நின்றவர்களை அடக்கி ஆள்வது அந்நியருக்கு எளிதாயிற்று.

இந்த நோயின் வேர் உள்ளத்திலே இருப்பதைக் கபார் கான் கண்டார். முதலில் பள்ளிக்கூடங்கள் திறந்தார். பின்னர் 1929-ல் 'குதாயி கித்மத்கார்', அதாவது இறைவனின் ஊழியர், என்னும் படையை அமைத்தார். அதில் சேருவோர் பழி வாங்குவதில்லை, கொடுமை செய்தவரை மன்னிப்போம், நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பொதுப்பணி செய்வோம் என்று சத்தியம் செய்தனர். துப்பாக்கியைப் பிரியாத கரங்கள் அதைக் கீழே வைத்தன. இஸ்லாம் போதிக்கும் சபுரே பெரிய ஆயுதம் என்று அவர் எடுத்துரைத்தார். மானம் என்னும் சொல் மறையவில்லை. அதன் பொருள்தான் மாறியது. அடிப்பது வீரம் என்றிருந்தவர்கள், அடியைத் தாங்கி நிலைகுலையாதிருப்பதே வீரம் என்று கொண்டார்கள்.

சோதனை விரைவில் வந்தது. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் நிராயுதபாணிகளாய் நின்ற மக்கள்மீது பிரிட்டிஷ் துருப்புகள் சுட்டன, பலர் மாண்டனர். அப்போது ஹவில்தார் சந்திரசிங் கர்வாலியும் அவர் கீழிருந்த கர்வால் வீரர்களும் சுட மறுத்து, நீண்ட சிறைவாசத்தை ஏற்றனர். அவர்கள் இந்துக்கள், எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒருவர் உள்ளத்தின் உறுதி எதிரே நிற்பவர் உள்ளத்தையும் தொடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1937-ல் அவருடைய தமையனார் டாக்டர் கான் சாகிப் அம்மாகாணத்தின் முதல் மந்திரியானார்.

பிரிவினைக்குப் பின் 1948-ல் புதிய பாகிஸ்தான் அரசு இவ்வியக்கத்தைத் தடை செய்தது. கபார் கான் மீண்டும் பல்லாண்டுகள் சிறையிலிருந்தார். 1988-ல் மறையும்வரை தம் கொள்கையை விட்டாரில்லை. அரசியல் வெற்றியைப் பிறர் பறிக்கலாம். உள்ளத்தில் பெற்ற வெற்றியைப் பறிக்க முடியாது. ஆயினும் அதைத் தந்தை மகனுக்குச் சொத்தாக எழுதிவைக்கவும் இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஈட்டவேண்டிய முதல் அது.

வணிகப் பெருமக்களே! எப்போதோ ஒரு கணக்கில் விளைந்த மனக்கசப்பால் பக்கத்துக் கடைக்காரருக்கு ஸலாம் சொல்லாதவர் நம்மில் இல்லையா? அப்பகையைப் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்வோர் இல்லையா? அத்தகைய இருவர் அமர்ந்த நிர்வாகக் குழுவில் எத்தனை தீர்மானம் நிறைவேற்றினாலும் மதரஸாவுக்கு ஒரு செங்கல் ஏறாது. ஆண்டு முடிவில் கடைக் கணக்கை முடிப்பதுபோல, மனத்திலுள்ள பழைய பற்றுகளையும் தள்ளிக் கணக்கை முடிப்போமாக. சமூகச் சீர்திருத்தம் அந்த ஏட்டிலேதான் தொடங்குகிறது.