பின்சக்கரம் மண்ணைப் பிடிக்க

சென்ற விடுமுறையில் எங்கள் பத்துபஸ்திப் பிள்ளைகள் தங்களுக்குள் ரேடியோ வண்டிப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். என் மகளின் டிரக் இரண்டு முறையும் கடைசி. வளைவில் வேகம் கொடுத்ததும் வாலைச் சுழற்றிக்கொண்டு வந்த வழியைப் பார்த்து நிற்கும். "வேற மோட்டார் வாங்கித் தாங்கப்பா" என்றாள். சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாளில் வந்துவிடும். நம் பார்சல் எந்தக் கப்பலில் ஏறும் என்பதுதான் தெரியாது. இருப்பதைச் சரிசெய்வோம் என்றேன்.

நான் லாரிப் பட்டறையில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவன். பின்பக்கம் அமுங்கினால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டு என்பதே நான் கற்ற வைத்தியம். வேகம் எடுக்கும்போது டிரக் பின்னால் குந்துவதைப் பார்த்துக் கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டு, ஷாக் அப்ஸார்பரில் கெட்டி எண்ணெயும் ஊற்றினேன். முன்னிலும் மோசமாகச் சுழன்றது. மகள் ஒன்றும் சொல்லாமல் வண்டியை அலமாரியின் மேல் வைத்துவிட்டாள். அன்றிரவுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

வண்டியின் எடை 1800 கிராம். முன் பின் அச்சுகளுக்கிடையே 28 செ.மீ. எடைமையம் தரையிலிருந்து சுமார் 5 செ.மீ. உயரம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவுக்கு வேகம் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 1800-ஐ 0.5-ஆலும் 5-ஆலும் பெருக்கி 28-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 160 கிராம் முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்! கெட்டியானாலும் மென்மையானாலும் பின்னால் போகும் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். குந்துவது நோயல்ல.

பின் ஸ்பிரிங் எதற்கு? சக்கரம் தரையை விடாமலிருக்க. மழை அரித்துப் பரல்கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் எங்கள் மண்தரையில் கெட்டி ஸ்பிரிங் போட்ட சக்கரம் துள்ளும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்குப் பிடி ஏது? லாரிக்குப் பட்டை கூட்டுவது டன் கணக்கான பாரத்தைத் தாங்க. இந்த வண்டிக்கோ பாரமே இல்லை.

மறுநாள் வண்டியோடு வந்த மென்மையான ஸ்பிரிங்கையும் மெல்லிய சிலிக்கான் எண்ணெயையும் எடுத்தோம். இன்ஜின் ஆயில் கூடவே கூடாது, ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும். எண்ணெய் ஊற்றியபின் தண்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காற்றுக்குமிழ் முழுதும் வெளியேறிய பிறகே மூட வேண்டும். இரண்டு ஷாக்குகளும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எண்ணெய் நிரப்பிய ஷாக் இத்தகைய வண்டிகளுக்குப் புதிதல்ல. 1984-இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் வெளியிட்ட ஆர்.சி.10 காரிலேயே இருந்தது.

வண்டியைத் தரையில் லேசாகப் போட்டு எடுத்தால், பின் இயக்கத்தண்டுகள் கிடைமட்டமாக வந்து நிற்க வேண்டும். பின்பக்கத்தைக் கையால் சற்றுத் தூக்கும்போது சக்கரங்கள் உடனே கிளம்பாமல் கொஞ்ச தூரம் தொங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கிப் பிடிப்பது இந்தத் தொங்கல்தான். பின்சக்கரங்களின் முன்விளிம்பு 3 டிகிரி அளவுக்கு உள்நோக்கி இருந்தால் வால் எளிதில் ஓடாது. பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளியும் பார்த்தோம். பிடி கூடியது, ஆனால் முன்பக்கம் லேசாகி வளைவில் திரும்ப மறுத்தது. பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதையும் நோட்டில் எழுத வேண்டும் என்பது மகளின் சட்டம். முதல் நாள் நான் ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் சேர்த்து மாற்றியதால் எது எவ்வளவு கெடுத்தது என்று இன்றுவரை தெரியாது என்பதை அவள் மறக்கவிடுவதில்லை.

மூன்றாவது பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். மோட்டார் பேச்சு நின்றுவிட்டது. இப்போது மெல்லிய எண்ணெய் இன்னொரு குப்பி வேண்டுமாம், அதற்கும் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.