ஆறு வற்றிப்போனபோது

வேத பாடம்: 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரம்



இந்த மாதம் வேத பாடம் எழுதும்படி பாஸ்டர் ஐயா என்னிடத்தில் கேட்டபோது, 1 இராஜாக்கள் 17ஐ எழுதுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். நமக்கெல்லாம் தெரிந்த அதிகாரம்தான். காகம் அப்பம் கொண்டுவந்த கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பித்துவிடும். ஆனாலும் இந்த அதிகாரத்தின் விஷயத்தில் நான் ஒரு சகோதரிக்குக் கடன்பட்டவன். அது என்ன கடன் என்று பிறகு சொல்லுகிறேன். முதலில் வேதாகமத்தை எடுத்து, அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகாப் ராஜாவின் நாட்கள் அவை. அவன் மனைவி யேசபேல், சீதோனியரின் ராஜாவுடைய மகள். அவள் வந்தபோது பாகாலும் கூடவே வந்தான். மழை கொடுப்பவன் பாகால் என்று அந்த ஜனங்கள் நம்பினார்கள். அப்படிப்பட்ட தேசத்தில் எலியா போய் ராஜாவின் முன்னால் நின்று, என் வார்த்தையில்லாமல் இனி மழையுமில்லை, பனியுமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஜெபம் இருந்தது. மழை பெய்யாதபடிக்கு எலியா கருத்தாய் ஜெபித்தார் என்று யாக்கோபு 5:17இல் பார்க்கிறோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

அடுத்தது கேரீத். யோர்தானுக்கு அருகே மனுஷ நடமாட்டமில்லாத ஒரு சிற்றாறு. காலையில் அப்பமும் இறைச்சியும், சாயங்காலத்தில் அப்பமும் இறைச்சியும் காகங்கள் கொண்டுவந்தன. காகம் லேவியராகமம் 11ன்படி அசுத்தமான பறவை. ஒரு யூதன் அருவருக்கிற பறவையின் வாயிலிருந்து தீர்க்கதரிசிக்குச் சாப்பாடு! அதுவும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வரவில்லை. காலைக்குக் காலை, மாலைக்கு மாலை. ராத்திரி படுக்கும்போது எலியாவின் கையில் நாளைக்கென்று ஒன்றும் கிடையாது.

இதுவரைக்கும் வாசிக்கும்போது எல்லாரும் அல்லேலூயா சொல்லுகிறோம். 7ஆம் வசனத்துக்கு வந்ததும் சத்தம் அடங்கிவிடுகிறது. தேசத்தில் மழையில்லாததால் சில நாளுக்குப் பின்பு அந்த ஆறு வற்றிப்போயிற்று. எந்த ஆறு? கர்த்தர் காட்டிக்கொடுத்த ஆறு. எலியா தானாகத் தேடிப்போன இடமல்ல, யோனாவைப்போல ஓடிப்போன இடமும் அல்ல. நம்ம நொய்யலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆறு ஒரே நாளில் வற்றுகிறதில்லை. முழங்கால் தண்ணீர் கணுக்காலுக்கு வரும். அப்புறம் கல்லுக்குக் கல் குட்டையாய் நிற்கும். கடைசியில் மணலைத் தோண்டவேண்டும். அத்தனை நாளும் எலியா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போ என்கிற வார்த்தை 8ஆம் வசனத்தில்தான் வருகிறது. 7க்கும் 8க்கும் நடுவில் எத்தனை நாள் என்று வேதம் சொல்லவில்லை. பிரியமானவர்களே, நம்மில் அநேகர் குடியிருப்பது அந்த ரெண்டு வசனத்துக்கு நடுவில்தான்.

என் காரியத்தையே சொல்லுகிறேன். 1994ஆம் வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தேன். பதினோரு வருஷ சர்வீஸ். அந்த வேலை ஜெபத்தில் கிடைத்த வேலை. கிடைத்த அன்றைக்குச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லி, முதல் சம்பளத்தை அப்படியே காணிக்கையாக வைத்தவன் நான். ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனால் மில் கேட் பூட்டியிருக்கிறது, நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. முதல் மாதம் தைரியமாகத்தான் இருந்தேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்களுக்கே ஆறுதல் சொன்னேன். மூன்றாம் மாதம் மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. ஐந்தாம் மாதம் ஒருநாள் ராத்திரி, பிள்ளைகள் தூங்கினபிறகு, "ஏனுங்க, அரிசி நாளைக்கு ஒரு நேரத்துக்குத்தான் வருமுங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றேன், வார்த்தை வரவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு சகோதரர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், உபவாசக்காரர். "பிரதர், தசமபாகம் ஒழுங்கா கொடுத்தீங்களா? வீட்டுக்குள்ள ஆகான் யாராவது இருக்கானா, ஆராய்ஞ்சு பாருங்க" என்றார். நானும் மூன்று நாள் உபவாசமிருந்து ஆராய்ந்தேன். தன்னைச் சோதித்துப் பார்ப்பது நல்லதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் கண்டுபிடித்த பாவங்களெல்லாம் மில் நன்றாக ஓடின காலத்திலும் எனக்குள் இருந்தவைதான்!

இப்போது யாக்கோபு 5:17க்குத் திரும்புவோம். கேரீத் ஏன் வற்றினது? எலியாவின் பாவத்தினாலா? இல்லையே. தேசத்தில் மழையில்லை. மழை ஏன் இல்லை? எலியாவே ஜெபித்தார்! தன் சொந்த ஜெபத்தின் பதில் தன் சொந்த ஆற்றை வற்றவைத்தது. கீழ்ப்படிந்தவன், கர்த்தர் சொன்ன இடத்திலேயே இருக்கிறான், ஜெபமும் கேட்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் தண்ணீர் இல்லை. இந்த நாலும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம் என்று எனக்கு யாரும் அதுவரை பிரசங்கித்ததில்லை.

நம் கையிலிருக்கிற தமிழ் வேதாகமத்தின் சரித்திரத்திலும் இப்படி ஒரு வறண்ட காலம் உண்டு. சீகன்பால்க் ஐயர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார். அடுத்த மாதமே, எதிராளிகள் அல்ல, அவரை அனுப்பிய டென்மார்க் தேசத்து அதிகாரியே அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்துவைத்தார். சுமார் நாலு மாதம் சிறையிருப்பு. அப்புறம் வெளியே வந்து 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். அது தரங்கம்பாடி அச்சகத்தில் 1714, 1715 வருஷங்களில் அச்சாயிற்று. தேவ சித்தமான வேலையைத் தொடங்கின மறுமாதமே கதவு அடைபட்டால், நம்ம ஊரில் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சாறிபாத்துக்குப் போவோம். அது சீதோனுக்கு அடுத்த ஊர், கடற்கரையில் இருக்கிறது. இன்றைக்கு லெபனோன் தேசத்தில் சரஃபாந்த் என்று அதற்குப் பெயர். 1969 முதல் 1974 வரைக்கும் அங்கே தோண்டிப் பார்த்தவர்கள் அநேக மண்பாண்டச் சூளைகளைக் கண்டெடுத்தார்கள். குயவர்கள் நிறைந்திருந்த ஊர். அந்த ஊரில் பானைக்குப் பஞ்சமில்லை, பானைக்குள்ளே போடத்தான் ஒன்றுமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். சீதோன் யேசபேலின் தகப்பன் தேசம். இஸ்ரவேல் முழுக்க ஆகாப் எலியாவை வலைபோட்டுத் தேடுகிறான். கர்த்தரோ அவரை அவன் மாமனார் நாட்டில் கொண்டுபோய் வைக்கிறார்! அவருடைய ஞானத்தை என்னவென்று சொல்ல.

அங்கே ஒரு விதவைக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்று கர்த்தர் சொன்னார். காகங்களுக்கும் அப்படியே கட்டளையிட்டதாகத்தான் 4ஆம் வசனத்தில் வாசிக்கிறோம். ஆனால் எலியா போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு கட்டளை வந்ததாகவே தெரியவில்லை. ரெண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். இருக்கிற ஒரு பிடி மாவை அடை தட்டி, தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாகவேண்டும் என்பதுதான் அவள் திட்டம். கர்த்தர் நம்மை எதற்கு ஏற்படுத்தியிருக்கிறார் என்பது பல நேரம் நமக்கே தெரியாது.

எங்களுக்கு அப்படிக் கிடைத்தவர் தெருமுனை மளிகைக் கடை பாய். நம்ம சபையாரிடத்தில் உதவி வரும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சிலர் செய்தார்கள், மறக்கவில்லை. ஆனால் அரிசி தீர்ந்த மறுநாள், கடைக்கு முன்னால் தலைகுனிந்து போன என்னைக் கூப்பிட்டு, "மில்லு தொறக்கிற வரைக்கும் நோட்டுல எழுதிக்கிறேன், பிள்ளைங்களைப் பட்டினி போடாதீங்க" என்று சொன்னவர் அவர்தான். ஏழு மாதம் எழுதினார். ஒருநாளும் கேட்கவில்லை. மில் திறக்கவேயில்லை. வேறொரு இடத்தில் பாதிச் சம்பளத்துக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அந்தக் கணக்கைத் தீர்க்க எனக்கு ரெண்டு வருஷம் ஆயிற்று. கர்த்தர் எங்கள் பானையை நிரப்பவில்லை, பிரியமானவர்களே. சாறிபாத் பானையையும் நிரப்பினதாக எழுதியிருக்கவில்லை. மாவு செலவழிந்துபோகவில்லை, அவ்வளவுதான். தினமும் குனிந்து அடியில் வழித்துத்தான் எடுத்திருப்பாள்.

அநேக பிரசங்கங்கள் 16ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. நானும் அப்படித்தான் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். ஆனால் 17ஆம் வசனத்தில் அந்தப் பையன் வியாதிப்பட்டுச் செத்துப்போகிறான். அற்புதம் நடக்கிற வீட்டில், தீர்க்கதரிசி மாடியில் தங்கியிருக்கும்போது, மாவு குறையாத பானை அடுப்பங்கரையில் இருக்கும்போது! 18ஆம் வசனத்தில் அந்தத் தாய் எலியாவைப் பார்த்து, என் பாவத்தை நினைப்பூட்டி என் மகனைச் சாகப்பண்ணவா வந்தீர் என்று கேட்கிறாள்.

இனி என் கடன். 1998இல் நம்ம சபையில் ஒரு சகோதரியின் ஒரே மகன் மஞ்சள் காமாலையில் மரித்துப்போனான். பதினேழு வயசு. புருஷனை முன்னமே இழந்தவர், இட்லி சுட்டு விற்று அந்தப் பிள்ளையைப் படிக்கவைத்தவர். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஜெபித்துவிட்டு, "சிஸ்டர், கர்த்தருக்குப் பிரியமில்லாதது ஏதாவது வீட்டுல இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொன்னேன். எனக்குச் சொல்லப்பட்ட அதே வார்த்தை! நாலு வருஷத்துக்கு முன்னால் அது எனக்கு எப்படி வலித்தது என்பதை மறந்துபோனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அதற்கப்புறம் பல மாதம் ஆராதனைக்கு வரவில்லை. பின்மாற்றம் என்று நாங்கள் ஜெபக்குறிப்பில் எழுதினோம்.

மூன்று வருஷம் கழித்து ஒரு உபவாசக் கூட்டத்துக்கு இந்த அதிகாரத்தை ஆயத்தப்படுத்தினேன். 18ஆம் வசனத்தில் ஆவியானவர் என்னை நிறுத்தினார். மகன் செத்த வீட்டில் பாவத்தைப் பற்றிப் பேசினது யார்? உடைந்துபோன தாய். எலியா அதற்குப் பதிலே சொல்லவில்லை. ஆமாம் உன் பாவம்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்று வாதாடவும் இல்லை. பிள்ளையை என்னிடத்தில் தா என்றார். மடியிலிருந்து வாங்கி, தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்கு ஏறி, தன் படுக்கையில் கிடத்தி, இந்த விதவைக்கு ஏன் இப்படிச் செய்தீர் என்று கர்த்தரிடத்தில் கேட்டார். அவளிடத்தில் கேட்கவேண்டியதைக் கேட்காமல், கர்த்தரிடத்தில் கேட்டார். மூன்று தரம் அந்தப் பிள்ளையின்மேல் குப்புற விழுந்தார்.

எலியாவின் கையில் அந்தப் பிள்ளை பிழைத்தான். எங்கள் சகோதரியின் பிள்ளை பிழைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடத்தில் பதில் இல்லை. எபிரெயர் 11:35ஐ வாசித்துப் பாருங்கள். மரித்தவர்களை உயிரோடே திரும்பப் பெற்ற ஸ்திரீகளும், விடுதலை பெறாமல் வாதிக்கப்பட்டவர்களும் ஒரே வசனத்தில் இருக்கிறார்கள். ரெண்டு கூட்டத்தாரையும் விசுவாசிகள் என்றே வேதம் சொல்லுகிறது.

கூட்டத்துக்கு முன்னாலேயே அவர் வீட்டுக்குப் போனேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று, "சிஸ்டர், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்தார். "உங்களைச் சொல்லி என்னங்க பிரதர். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே ராத்திரி பூரா நானே என்னைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அதுக்கு மேல நீங்களும் சொன்னதும் கர்த்தரே சொல்லிட்டார்னு நெனைச்சுட்டேன்" என்றார். வேதாகமத்தைத் திறந்து 18, 19ஆம் வசனங்களை வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தரம் வாசிங்க" என்றார். வாசித்தேன். அப்புறம் ரெண்டுபேரும் வெகு நேரம் அழுதோம். ஜெபம் அவர்தான் பண்ணினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். இப்போது துக்க வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தச் சகோதரியைக் கூட அழைத்துக்கொண்டுதான் போகிறேன். போனால் அவர் அதிகம் பேசுகிறதில்லை. அடுப்பைப் பற்றவைத்து, அந்த வீட்டாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்.