மாங்கொட்டையா, தோலா, தக்காளிச் சக்கையா? கறிக்கோழிக்கு எது ஏற்றது

மாம்பழ சீசன் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளின் பின்புறம் தோலும் கொட்டையும் மலைபோல் குவிகின்றன. ஏற்றிச் செல்லும் வண்டிக் கூலிதான் செலவு. மக்காச்சோளம், சோயா விலையில் திணறும் பண்ணையாளருக்கு ஆசை வருவது இயல்பே. ஆனால் மாட்டுக்கு ஒத்துப்போவதெல்லாம் கறிக்கோழிக்கு ஒத்துப்போகாது. கறிக்கோழித் தீவனத்தில் நார்ச்சத்து 5 சதவீதத்தைச் சுற்றியே இருக்க வேண்டும். பழக்கழிவு பலவற்றில் நார் அதைவிட அதிகம்.

ஒப்பந்தப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. கம்பெனி தரும் தீவனத்தில் எதையும் கலக்கக் கூடாது. சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்கே இந்த ஒப்பீடு.

மாங்கொட்டைப் பருப்பு

ஓட்டை உடைத்து எடுக்கும் பருப்பில் மாவுச்சத்து அதிகம், கொழுப்பும் உண்டு. புரதம் 6 முதல் 8 சதவீதம். ஆகவே மக்காச்சோளத்தில் ஒரு பங்கை ஈடுகட்டும், சோயாவை ஈடுகட்டாது. குறை, டானின் என்னும் துவர்ப்புச் சத்து. அப்படியே அரைத்துப் போட்டால் தீனி எடுப்பது குறையும், எடை ஏறாது. பருப்பை நறுக்கி இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் அரை மணி நேரம் வேகவைத்து, அதையும் வடித்துக் காயவைக்க வேண்டும். உடைக்கும்போது உள்ளே கறுத்தோ பூசணம் பிடித்தோ இருந்தால் தூக்கி எறியுங்கள்.

மாம்பழத் தோல்

சர்க்கரையும் நாரும் நிறைந்தது, புரதம் சொற்பம். அதிகம் போனால் எச்சம் இளகி, கூளம் ஈரமாகி, ஷெட்டில் அமோனியா நெடி ஏறும். மாடு இருந்தால் அதற்கே கொடுங்கள்.

தக்காளிச் சக்கை

தோலும் விதையும் சேர்ந்த இதில், உலர்ந்த நிலையில் புரதம் ஏறத்தாழ 20 சதவீதம். நாரும் மிக அதிகம் என்பதால் அளவு சிறிதாகவே இருக்க வேண்டும்.

ஆரஞ்சு, சாத்துக்குடிச் சக்கை

இதிலுள்ள பெக்டின் குடலில் பிசுபிசுப்பைக் கூட்டும். விதையில் உள்ள லிமோனின் கோழிக்குக் கேடு. தவிர்ப்பதே நல்லது.

உலர்த்தலில்தான் லாபம்

தோல், சக்கை போன்ற ஈரக் கழிவில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். 12 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் 100 கிலோ 23 கிலோவுக்குள் சுருங்கிவிடும். வண்டிக் கூலி, ஆள் கூலி, விறகு, அரவைக் கூலி எல்லாவற்றையும் அந்த 23 கிலோவால் வகுத்துப் பாருங்கள்; அதுவே உண்மையான விலை. வளைத்தால் மடியும் தோல் காயவில்லை. 'பட்' என்று ஒடிய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும்.

எவ்வளவு, எப்போது?

குஞ்சுப் பருவத்தில் வேண்டவே வேண்டாம். ஃபினிஷர் எனப்படும் கடைசிக் கட்டத் தீவனத்தில், உலர்ந்த பருப்பையோ சக்கையையோ 100 கிலோவுக்கு 5 கிலோவுடன் தொடங்குங்கள். மொத்தக் கலவையையும் ஒரு கால்நடை ஊட்டச்சத்து வல்லுநரிடம் காட்டிச் சரிபார்ப்பது அவசியம்.

கணக்கு இதுதான். 2 கிலோ கோழி ஃபினிஷராக ஏறக்குறைய 2 கிலோ தின்னும். 5 சதவீதம் பருப்பு கலந்தால் மிச்சமாவது 100 கிராம் மக்காச்சோளம். இதனால் எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை ஏறத் தேவைப்படும் தீவனம்) 1.6-லிருந்து 1.7-க்குப் போனால் கோழிக்கு 200 கிராம் தீவனம் கூடுதலாகச் செலவாகும். மிச்சம் பிடித்ததைவிட இழந்ததே அதிகம். எனவே ஐம்பது கோழிகளை வலை கட்டிப் பிரித்து, தீவனத்தையும் எடையையும் வாராவாரம் குறித்துப் பார்த்த பிறகே மொத்த பேட்சுக்கும் கொடுங்கள்.

முடிவு

வேகவைத்து உலர்த்த இடமும் ஆளும் இருந்தால் மாங்கொட்டைப் பருப்பு முதல் தேர்வு. தக்காளி ஆலை பக்கத்தில் இருந்தால் சக்கை இரண்டாவது. தோல் மாட்டுக்கு. உலர்த்த வசதி இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைத்தாலும் கோழிக்கு எதையும் வாங்காதீர்கள்.