வறண்ட மண்ணில் பசுந்தீவனம்

திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் உழவும் கால்நடை வளர்ப்பும் இணைந்தே நிகழ்கின்றன. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் தீவனம் அரிதாகும். வளர்த்த கறவை மாட்டையே விற்க நேரும். அந்நிலையில் துணைநிற்பவை பயறுவகைத் தீவனப் பயிர்கள்.

அவை வறட்சியை எதிர்கொள்ளும் முறை ஒன்றன்று, பல. தட்டைப்பயறு என்னும் காராமணி, மண்ணின் ஈரம் குறையத் தொடங்கியதுமே இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நண்பகலில் இலைகளைக் கதிரொளிக்கு இணையாகத் திருப்பி வெப்பத்தைத் தவிர்க்கிறது. பல்லாண்டுப் பயிரான முயல் மசால், ஆழ்ந்து செல்லும் ஆணிவேரால் அடிமண்ணின் ஈரத்தைத் தேடிப் பெறுகிறது. அதன் விதையுறை கடினமானது. ஆதலால், முதல் மழையிலேயே எல்லா விதைகளும் முளைத்துவிடுவதில்லை. ஒரு பகுதி அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். உழவரோ விதைகளை வெந்நீரில் நனைத்து, அவ்வுறையை இளக்கிய பின்னரே விதைக்கின்றனர்.

எனினும், இச்சிக்கனத்திற்கும் விலையுண்டு. இலைத்துளைகள் மூடினால் கரியமில வாயு உட்புகுவது குறையும், வளர்ச்சி குன்றும். வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தும் பணியும் தளரும். பயிர் உயிரோடிருத்தல் வேறு. மாட்டின் பசியைத் தீர்த்தல் வேறு. எனவே, மண்ணில் ஈரமுள்ள காலத்திலேயே, பூக்கும் பருவத்தில் அறுத்து உலர்த்திச் சேமித்தல் வேண்டும். வறட்சியைத் தாங்கும் ஆற்றல் பயிருக்கு இயற்கை அளித்தது. அதன் எல்லையை அறிந்து முன்கூட்டியே திட்டமிடுதல் மனிதர் கடன்.

கற்பவை கற்றபின்: உங்கள் ஊரில் கோடைக்காலத்தில் கால்நடைகளுக்குத் தீவனம் எவ்வாறு கிடைக்கிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, வகுப்பில் கலந்துரையாடுக.