தேவாரத்து ஜீப்புக்கு எந்த ஃப்ளெக்ஸ் பைப்?

விடிவதற்கு முன்பே தேவாரத்தில் ஜீப்புகள் உறும ஆரம்பித்துவிடும். தூக்குவாளியும் கையுமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். ஊருக்கு நேர் மேலே மலை நிற்கிறது. சாக்குலூத்து மெட்டு வழியாக ரோடு இருந்தால் கேரளம் கூப்பிடு தூரம்தான். அந்த ரோடு நெடுங்காலமாகக் கோரிக்கையாகவே நிற்பதால், வண்டிகள் ஒன்று போடி போய் போடிமெட்டு ஏறவேண்டும், இல்லையென்றால் கம்பம் போய் கம்பம்மெட்டு ஏறவேண்டும். போடிமெட்டு ஏற்றத்தில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் தார்ப்பாயை இறக்கிக் கட்டியபின் உள்ளே யாராவது வாந்தி எடுத்தால் வளைவைத்தான் குற்றம் சொல்வோம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கச் சொல்வோம். பல வண்டிகளில் குற்றவாளி காலடியில், தகரத்துக்குக் கீழே, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இன்ஜினிலிருந்து சைலன்ஸருக்குப் போகும் குழாயில் உள்ள வளையும் துண்டைத்தான் பட்டறையில் ஃப்ளெக்ஸ் பைப் என்கிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் குலுங்கும், ஏற்றத்தில் முதல் கியரில் இழுக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும். சைலன்ஸரோ சேஸிஸில் தொங்குகிறது. இரண்டையும் விறைப்பான குழாயால் கட்டிப்போட்டால், எங்காவது ஒரு வெல்டிங் விட்டுக்கொடுக்கும். சூட்டின் கணக்கு வேறு. இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளும். இந்த அசைவையெல்லாம் வாங்கிக்கொள்ளத்தான் அந்தத் துண்டு.

கடை மேஜையில் மூன்று துண்டுகளை எடுத்துப் போட்டால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். மேலே பளபளவென்று எஃகுக் கம்பிப் பின்னல், இரு முனைகளிலும் வளையம். விலை மட்டும் எட்டாத தூரத்தில் விலகி நிற்கும். வாங்குகிறவர் பின்னலைத் தடவிப் பார்க்கிறார், நெருக்கமாக இருந்தால் நல்ல சரக்கு என்று எடுத்துக்கொள்கிறார். பின்னல் புகையைத் தடுக்காது. சேலைத் துணியில் தண்ணீர் நிற்காததுபோல அதில் புகை நிற்காது. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மடிப்புக் குழாய் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, குழாயின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். விரலை விட்டுத் தடவியும் பாருங்கள்.

உள்ளே திருகாணி மாதிரிச் சுற்றிச் சுற்றிப் போகும் பட்டை மட்டும் தெரிந்து, அதற்கும் பின்னலுக்கும் நடுவே வேறொன்றும் இல்லையென்றால் அது இன்டர்லாக் வகை. நீளமான எஃகுப் பட்டையின் ஓரங்களை மடித்து, ஒரு சுற்றின் கொக்கி அடுத்த சுற்றின் கொக்கியில் மாட்டும்படி சுற்றியது. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் நீளும், சுருங்கும், நன்றாகவே வளையும். அடி தாங்கும். ஆனால் வழுக்குவதற்கு இடைவெளி வேண்டும், இடைவெளி இருந்தால் புகை வரும். முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே நீண்ட சந்து அது.

இந்தக் குழாயின் பிறப்பே கொஞ்சம் சுவாரசியமானது. நகைத் தொழிலுக்குப் பேர்போன ஜெர்மானிய நகரம் ஃபோர்ட்ஸ்ஹைம். அங்கே நகைப்பட்டறை வைத்திருந்த ஹைன்ரிஷ் விட்ஸென்மானும் பிரெஞ்சுப் பொறியாளர் லெவாவஸ்ஸரும் 1885இல் வளையும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார்கள். பட்டையைச் சுற்றிச் செய்த கழுத்துநகை ஒன்றுதான் அதற்கு முன்மாதிரி. அப்போதே சுற்றுகளுக்கிடையே ரப்பர் இழை வைத்துத்தான் கசிவை அடைத்தார்கள். புகைக் குழாயின் சூட்டில் ரப்பர் நிற்காது என்பதால், பிறகு வந்தவர்கள் சூடு தாங்கும் இழையையோ மெல்லிய கம்பியையோ அந்தச் சந்தில் வைத்துச் சுற்றினார்கள். பட்டையை இன்னும் இறுக்கி மடித்தார்கள். சுற்று அவிழாமலிருக்க வட்டத்துக்குப் பதில் பலகோண வடிவில் சுற்றினார்கள். எல்லாம் கசிவைக் குறைக்கும், ஒன்றும் முழுக்க நிறுத்தாது. இறுக்கிச் சுற்றினால் வளையாது, தளர்த்திச் சுற்றினால் கசியும். 140 வருடமாக இந்த இழுபறிதான்.

இதற்குப் பதில்தான் பெல்லோஸ். மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் குழாயை ஆர்மோனியத் துருத்திபோல வளையம் வளையமாக மடித்தது. சந்தே கிடையாது, ஒரே தொடர் சுவர், அதனால் காற்று புகாது. தகட்டின் தடிமன் 0.2, 0.3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இவ்வளவு மெல்லிசா என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். தடித்த தகடு இங்கே உதவாது. தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 0.4 மில்லிமீட்டர் தகடு ஒன்றைவிட 0.2 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தால் விறைப்பு நாலில் ஒரு பங்குதான். அசைவை எதிர்த்து நிற்காமல் கூடவே போகும், அதனால் விரிசல் விடத் தாமதமாகும். ஒரு சுவர் விட்டாலும் இன்னொன்று இருக்கிறது. கடைக்காரரிடம் 'எத்தனை லேயர்' என்று கேட்டால், அவருக்குத் தெரிந்திருந்தால், நல்ல கடை.

அந்த மெல்லிய சுவர் தனியாக நிற்காது. வெளியே பின்னல் இருப்பது அதிகமாக இழுபடாமல் பிடிக்கவும் கல் பட்டு நசுங்காமல் காக்கவும். உள்ளே ஒரு உறை வேண்டும். அது இல்லாவிட்டால் இன்ஜினின் துடிப்போடு வரும் சூடான புகை மடிப்புகளில் நேராக மோதி அவற்றை அதிரவைத்துக்கொண்டே இருக்கும். உறையாகப் பின்னல் வலை வைத்தது ஒரு ரகம், இன்டர்லாக் குழாயையே வைத்தது இன்னொரு ரகம். கசியும் என்று மேலே குறை சொன்ன அதே இன்டர்லாக், பெல்லோஸுக்குள் உறையாக உட்காரும்போது அருமையாக வேலை செய்கிறது. கசிவைத் தடுக்கும் பொறுப்பு அதன் தலையில் இல்லையே. உள்ளே இன்டர்லாக், நடுவே இரட்டைச் சுவர் பெல்லோஸ், வெளியே பின்னல்: என் கையில் காசிருந்தால் வாங்குவது இதைத்தான். ஆனால் எந்த வண்டிக்கு என்பதில்தான் சிக்கல்.

நம்மூர் மெக்கானிக்குகளில் பலர் இதைக் கவனிப்பதில்லை. பெல்லோஸ் வளையும், நீளும், பக்கவாட்டில் விலகும். முறுக்கினால் மட்டும் தாங்காது. ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முனையைத் திருகினால், மடிப்புகள் ஒன்றும் செய்யமுடியாமல் சுவர் கிழியும். முன்சக்கர இழுவைக் காரில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. அது முன்னும் பின்னும் சாயும்போது, பின்னோக்கிப் போகும் குழாய் வளைகிறது. பெல்லோஸுக்கு அது பிடித்த வேலை. ஜீப்பிலும் பொலேரோவிலும் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. அது இடம் வலமாகச் சாயும். அதே திசையில் பின்னோக்கிப் போகும் குழாயில் பெல்லோஸைப் போட்டால், ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் ஒரு பிழி.

'அண்ணே, நல்ல பைப்புதான் போட்டேன், ஆறு மாசத்துல பிச்சிக்கிருச்சு' என்று ஒரு டிரைவர் தம்பி என்னிடம் காட்டிய துண்டில் மடிப்புகள் நேராக விரியவில்லை, சாய்வாகக் கிழிந்திருந்தன. சரக்கின் தப்பில்லை. போட்ட இடம் தப்பு.

அப்படியானால் ஜீப்புக்கு என்ன செய்வது? இன்ஜினின் புகை வாயான மேனிஃபோல்டிலிருந்து குழாய் கீழே இறங்கும் செங்குத்துப் பகுதியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே இன்ஜினின் சாய்வு குழாயை வளைக்கும், முறுக்காது. இடம் இல்லை, கிடையாகத்தான் போடவேண்டும் என்றால், பெல்லோஸுக்குப் பின்னால் குழாயைச் சேஸிஸோடு இறுக்கிக் கட்டாமல் ரப்பர் தொங்கல்களில் விடுங்கள். குழாயும் இன்ஜினோடு சேர்ந்து கொஞ்சம் புரளட்டும். காய்ந்து கல்லாகிப் போன தொங்கல் ரப்பரையும் உட்கார்ந்துபோன இன்ஜின் மவுண்டையும் மாற்றாமல் எந்த ஃப்ளெக்ஸ் பைப்பைப் போட்டாலும் காசு வீண். பழைய கமாண்டர் ஜீப்பில் மவுண்டை மாற்றியதும் 'கசிவு' பாதி குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முறுக்கு தவிர்க்கவே முடியாத இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது: உருண்டை ஜாயிண்ட். ஒரு முனை பாதிப் பந்து மாதிரி, எதிர்முனை கிண்ணம் மாதிரி, நடுவே கிராஃபைட் கலந்த வளையம், இரண்டு ஸ்பிரிங் போல்ட். ஜப்பானிய வழிவந்த பல கார்களில் இது உண்டு. வளையும், முறுக்கும் தாங்கும். நீளவோ சுருங்கவோ மட்டும் தெரியாது. வளையம் தேய்ந்தால் கசியும், ஆனால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், வெல்டிங் தேவையில்லை. மலையேறும் பழைய ஜீப்புக்குப் பெல்லோஸைவிட இதையே நான் முதலில் யோசிப்பேன். ஸ்பிரிங் போல்ட்டை 'டைட்டா இருக்கட்டும்' என்று கடைசிவரை முறுக்கிவிடாத மெக்கானிக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தனி இன்டர்லாக் பழைய லாரிக்கும் டிப்பருக்கும் சரி. குழாய் ஆட்களிடமிருந்து தள்ளி ஓடுகிறது, அசைவு பெரிது. ஆள் ஏற்றும் மூடிய வண்டியில் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டியில் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் காரில் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சிறு ஓட்டை இருந்தால் போதும். புகைத் துடிப்புகளுக்கிடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்சார் அதைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்லும், கணினி இன்னும் ஊற்றும். மைலேஜ் எங்கே போனது என்று டயரைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். யூரியா ஊற்றும் லாரிகளில் கசிந்த இடத்தில் வெள்ளை உப்புப் படிந்து காட்டிக்கொடுக்கும். இந்த வண்டிகளில் அந்த மாடலுக்கென்றே செய்த துண்டைத் தவிர வேறெதையும் வெட்டி ஒட்டாதீர்கள்.

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் ஓடும் டீசல் மோட்டாருக்கும் கல்யாண மண்டப ஜெனரேட்டருக்கும் யோசனையே வேண்டாம், பெல்லோஸ்தான். அங்கே சூட்டு நீட்சியும் அதிர்வும் மட்டுமே.

எஃகு ரகத்தில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 304. டீசலுக்குப் போதும். பெட்ரோல் இன்ஜினின் வாயருகே சூடு அதிகம். 304 நெடுநேரம் ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரிக்குள் கிடந்தால் அதிலுள்ள குரோமியம் கரியோடு சேர்ந்து, துருவைத் தடுக்கும் வேலையை விட்டுவிடும். டைட்டானியம் சேர்த்த 321 அதைத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்க்கிற பழக்கம் நல்லதுதான், ஆனால் முழு சாட்சி இல்லை. சைலன்ஸர்களில் வரும் 409 துருப்பிடிக்காத எஃகுதான், அதிலும் காந்தம் ஒட்டும்.

கசிவு பெரும்பாலும் குழாயில் தொடங்குவதில்லை, ஒட்டும் இடத்தில் தொடங்குகிறது. இரு பக்கக் குழாய்களும் நேருக்கு நேர் வராமல், ஃப்ளெக்ஸ் பைப்பை வளைத்துச் சமாளித்து வெல்டிங் வைப்பதுதான் பட்டறைகளில் நான் பார்க்கும் பெரிய தப்பு. அதன் அசையும் திறனை அங்கேயே செலவழித்துவிடுகிறோம். முழுக்க இழுத்தோ முழுக்க நெருக்கியோ வைக்கக்கூடாது. இயல்பான நீளத்தில் உட்கார வேண்டும். இரு முனையிலும் முதலில் பொட்டு வைத்து, முறுக்கில்லை என்று பார்த்த பிறகே முழு வெல்டிங். துருப்பிடிக்காத எஃகையும் சாதா இரும்பையும் சேர்க்க 309 ராடு கேளுங்கள். வெல்டிங் பொறி மடிப்பில் பட்டால் அங்கே ஊசித் துளை விழும், அதனால் பின்னலைத் துணியால் மூடச் சொல்லுங்கள். எர்த் கிளாம்பை ஃப்ளெக்ஸ் பைப்பைத் தாண்டி மாட்டக்கூடாது, ஒட்டும் பக்கத்திலேயே மாட்டவேண்டும். டீசல் குழாயிலிருந்து புகைக் குழாய் 35 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதி. குலுங்கும்போதும் அந்த இடைவெளி இருக்க வேண்டும்.

புகைச் சான்றிதழை நம்பி இருந்துவிடாதீர்கள். அவர்கள் குழாயின் வாலில்தான் அளக்கிறார்கள், நடுவில் கசிவதை அந்தக் கருவி பார்ப்பதில்லை. டீசலில் கார்பன் மோனாக்ஸைடு பெட்ரோலைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனாலும் அந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்துவிட்டது.

சோதனைக்குச் செலவில்லை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து, வாலை நனைத்த சாக்கால் சில நொடிகள் பொத்துங்கள். இணைப்பு நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி அணையப் பார்க்கும். கசிந்தால் அடியிலிருந்து புஸ்ஸென்று சத்தம் வரும். சத்தம் வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி சரியான புள்ளியைக் காட்டும். புதிதாக மாட்டியவர்கள் ஒரு வாரம் மலையேறி இறங்கியபின் குனிந்து பார்த்து, வெல்டிங் ஓரத்தில் கறுப்பாக விசிறி மாதிரி கரி படிந்திருந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளையும் அப்போதே ஒருமுறை பார்த்துவிடலாம்.