முப்பது போட்டது யார்?
மாற்றுத்திறனாளிச் சான்றின் சதவீதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்வது எப்படி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் சித்தப்பா வீட்டுத் தறிக்குழியின் மேல் இப்போது பலகை கிடக்கிறது. பலகையின் மேல் அரிசி மூட்டை. முப்பத்தைந்து வருடம் குழிக்குள் கால் விட்டு மிதித்தவர். வலது முட்டி மடங்குவதில்லை. இடது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி போய்விட்டது, ஜரிகை இழை அறுந்தால் எடுத்து முடிச்சுப் போட வராது. அவருக்கு வந்த சான்றில் 30 சதவீதம் என்று இருந்தது. "டாக்டருங்க பார்த்துப் போட்டது, சரியாத்தான் இருக்கும்பா" என்று மடித்து பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

சரியாக இல்லை. காலை மட்டும் அளந்திருந்தார்கள், கையை யாரும் தொடவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. பெரும்பாலான சலுகைக்கு வாசல் 40 சதவீதம். 2024இல் திருத்திய விதிப்படி தனித்துவ அடையாள அட்டையின் நிறமே அதைச் சொல்லிவிடும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80இலிருந்து நீலம். வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கடுமையான உடல் பாதிப்பு என்றால் 75 கேட்பார்கள். மத்திய அரசின் 300 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 80. ஆக, ஒன்றிரண்டு எண் இப்படி அப்படிப் போனால் மாதாமாதம் கைக்கு வரும் காசு போகிறது.

இனி கணக்கு. ஒரே ஆளுக்கு இரண்டு பாதிப்பு இருந்தால் வெறுமனே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதை 90இலிருந்து கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். காலுக்கு 30, கைக்கு 15 என்று வையுங்கள். 90இல் 30 போக 60. அதை 15ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 10. மொத்தம் 40. கையை அளக்காமல் விட்டால் வெள்ளை அட்டை, அளந்தால் மஞ்சள். இதே கணக்கில் 60உம் 45உம் சேர்ந்தால் 75. எனவே சான்றைக் கையில் எடுத்ததும் சதவீதத்துக்கு முன்னால் தேட வேண்டியது, எந்தெந்த உறுப்பைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள் என்பதை.

சான்றில் அது தெளிவாக இல்லையென்றால் மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள். வாய்ச்சொல்லில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ஒப்புகை வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி.

மேல்முறையீட்டு உரிமை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவில் இருக்கிறது. சான்று கொடுத்த அதிகாரியின் முடிவில் குறை இருந்தால், மாநில அரசு குறித்திருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம், குறித்திருக்கும் கெடுவுக்குள் போகலாம். ஆகவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரே கடிதத்தில் மூன்று கேள்வி எழுதுங்கள்: என் மாவட்டத்துக்கு மேல்முறையீட்டு அதிகாரி யார்? எத்தனை நாள் கெடு? என்னைப் பரிசோதிக்கும் குழுவில் எந்தெந்தத் துறை மருத்துவர்கள் இருப்பார்கள்? கெடு தெரிந்த பிறகு மனு எழுதலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தக் கடிதத்தோடேயே ஒரு பக்க மனுவையும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, மனு எண் கிடைக்கும்.

மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. அதுதான் முக்கியம் என்பேன். நம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளிலேயே இதைப் பேசிவிட்டன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி, ஊர்ச்சபை வாரியத்தில் உட்காரப் போகிறவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். கால்வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். போன மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் கதவு சாத்தியே இருக்கும். நிலமில்லாதவரை வெளியே நிறுத்திய ஏற்பாடு அது, புகழ்ந்து தள்ள வேண்டியதில்லை. ஆனால் தீர்மானிக்கிற இடத்தில் யார் உட்காரலாம், யார் கூடாது என்பதை ஊரே படிக்கும்படி கல்லில் வெட்டினார்கள். நமக்கு வரும் ஆணையிலோ கையெழுத்து ஒரு கிறுக்கல்.

பிரிட்டன் 1992இல் மாற்றுத்திறனாளி உதவித்தொகை மேல்முறையீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயம் தொடங்கியபோது மூன்று நாற்காலி போட்டது. சட்டம் தெரிந்தவருக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று, குறைபாட்டோடு வாழ்வது எப்படி என்று அனுபவத்தில் அறிந்தவருக்கு ஒன்று. தீர்ப்பாயத்தின் பெயர் பிறகு மாறியது, மூன்றாவது நாற்காலி இன்னும் இருக்கிறது. நம் பரிசோதனை மேசையில் மருத்துவர்கள் மட்டும்தான். அந்த நாற்காலி இல்லாத குறையை உங்கள் மனுதான் ஈடுகட்ட வேண்டும்.

மனுவில் கண்ணீர் வேண்டாம், நான்கு விஷயம் போதும். சான்றின் எண்ணும் தேதியும். எந்த உறுப்பு அளக்கப்படவில்லை என்பது. எந்தத் துறை நிபுணர் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை: முட்டிக்கு எலும்பு மருத்துவர், விரல் உணர்ச்சிக்கு நரம்பியல் மருத்துவர். கடைசியாக இந்த வாக்கியம்: "முதல் சான்றில் கையெழுத்திட்ட மருத்துவர் இம்மேல்முறையீட்டை விசாரிக்கும் குழுவில் இடம்பெறாதவாறு ஏற்பாடு செய்யக் கோருகிறேன்." அந்த மருத்துவர் மேல் பழி சொல்வதாக நினைக்க வேண்டாம். தன் முடிவின் மேல் வந்த முறையீட்டைத் தானே விசாரிக்கக் கூடாது என்பது இயற்கை நீதி.

பரிசோதனை நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெசவாளிகள் தோற்பது அங்கேதான். அளப்பது உடலைத்தான், தொழிலை அல்ல. "தறியில் உட்கார முடியவில்லை" என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் கால் பரிசோதனையில் சம்மணமிட்டு உட்காருவது, குத்துக்காலிடுவது, படி ஏறுவது எல்லாம் உண்டு. கையில் பிடிப்பு, உணர்ச்சி, வலு மூன்றையும் தனித்தனியே பார்ப்பார்கள். தறிக்குழி கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். அதனால் தொழில் மொழியில் சொல்லாமல் உடல் மொழியில் காட்டுங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து மெல்லிய பொருளை எடுக்க வராது என்றால், மேசையில் ஓர் ஊசியை வைத்து எடுக்க முயன்று காட்டுங்கள். எங்கள் சித்தப்பா முதல் தடவை, "உட்காருவீங்களா?" என்று கேட்டதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே காட்டிவிட்டார். பெரிய மனிதர்கள் முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சம். முடியாததை முடியாது என்று சொல்வது பொய்யல்ல; கூடுதலாக நடிப்பதுதான் பொய், அதை மருத்துவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். எக்ஸ்ரே, நரம்புப் பரிசோதனை அறிக்கை, பழைய மருந்துச் சீட்டு எல்லாம் தேதி வரிசையில் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

இதற்கு மேலும் நடக்கவில்லையென்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணைக்கு ஆள் அழைக்கவும் ஆவணம் வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் செய்யும் பரிந்துரையின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதை அந்தத் துறை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு உயர் நீதிமன்றம். வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். நாள் ஆகும்தான். குளத்துக்குள்ளிருந்து அத்தி வரதர் வர நாற்பது வருடம் காத்திருக்கிற ஊர் நம்முடையது.

தீர்மானிக்கிற இடத்தில் நாற்காலி கேட்கிற மாற்றுத்திறனாளிச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. மாநில ஆலோசனை வாரியத்தில், இயன்றவரை மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் பத்துப் பேரை அரசு நியமிக்க வேண்டும், அவர்களில் குறைந்தது ஐந்து பேர் பெண்கள், பதவிக்காலம் மூன்று ஆண்டு. சுழற்சி முறையில் மாவட்டங்களுக்கும் ஐந்து இடம் இருக்கிறது. மாவட்ட அளவிலும் ஒரு குழு அமைக்கச் சட்டம் சொல்கிறது. நெசவாளிக் குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயரைக் கூட்டத் தீர்மானமாக எழுதி, பதவிக்காலம் முடிவதற்கு முன்பே துறைக்கு அனுப்பிவையுங்கள்.

மேல்முறையீட்டு ஆணை வந்ததும் மூன்று வேலை. கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையப் பதிவில் புதிய சதவீதம் ஏறியதா என்று இ-சேவை மையத்தில் சரிபாருங்கள். எங்களுக்கு ஆணை வந்தும் திரையில் பழைய 30தான் இருந்தது. பிறகு நகலோடு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் ஓய்வூதிய மனு. சித்தப்பாவின் மஞ்சள் அட்டை இப்போது சட்டைப்பையில் இருக்கிறது. பழைய சான்றையும் தூக்கிப் போடவில்லை, பீரோவில்தான் வைத்திருக்கிறார்.