காலில் தண்ணீர், தலையில் கூடாது

பூதலூரில் நெல் போட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்: கதிர் பூத்து நிற்கும்போது வயலில் தண்ணீர் நிற்கலாம், மேலே மழை அடிக்கக் கூடாது, அடித்தால் பதர்தான். கல்யாண மேடை அலங்காரத்துக்கு வேலை பழக வரும் பிள்ளைகளிடம் ஜிப்சிப் பூவைப் பற்றி நான் முதலில் சொல்வதும் இதையேதான்.

ஜிப்சி என்று நாம் சுருக்கிக் கூப்பிடும் ஜிப்சோபிலா, ரோஜாப் பொக்கேயைச் சுற்றிப் பொரி இறைத்தது போல வெள்ளையாக இருக்குமே, அது. நம் வண்டலில் விளைகிற பூ இல்லை. குளிர்ந்த மேட்டு நிலத்துப் பூ. ஓசூர், பெங்களூர் பக்கமிருந்து பெட்டியில் ராத்திரிப் பயணமாக வந்து, திருச்சியிலோ தஞ்சாவூர்ப் பூக்காரத் தெருவிலோ கைமாறி, நம்மிடம் சேரும்போதே அரை மயக்கத்தில் இருக்கும். சாயங்காலம் ரிசப்ஷன், விடியற்காலை முகூர்த்தம். அதுவரை அதைத் தாங்க வைப்பதற்குத்தான் உங்களுக்குக் கூலி.

பலரும் தோற்பது மல்லிகைப் பழக்கத்தால். மல்லிக்குக் காம்பு வழியாகக் குடிக்க வழியில்லை, அதனால் தெளிக்கிறோம், ஈரத்துணியில் சுற்றுகிறோம். ஜிப்சிக்கு நீளத் தண்டு இருக்கிறது, அது குடிக்கட்டும். தலையை நனைத்தால் சின்னச் சின்னப் பூக்கள் ஒட்டிக்கொண்டு பழுப்பேறும், பூஞ்சை பிடிக்கும், மறுநாள் நாற்றமும் வரும். தெளிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கும்போது பாதி விரிந்து பாதி மொட்டாக உள்ள கட்டாகப் பாருங்கள். முழுக்க விரிந்து லேசாகப் பழுத்ததை, விலை குறைத்தாலும் தொடாதீர்கள். சிக்கிக் கிடக்கும் கட்டைப் பிய்க்காமல், தலைகீழாகப் பிடித்து மெல்ல உதறினால் தானே பிரியும். தண்டில் ஒரு அங்குலம் சாய்வாக வெட்டி, வெட்டிய கையோடு தண்ணீரில் வையுங்கள். டீ குடித்துவிட்டு வந்து வைத்தால் வெட்டிய இடத்தில் காற்று ஏறிக்கொள்ளும், பிறகு தண்ணீர் ஏறாது. தண்ணீருக்குள் போகிற இலைகளையெல்லாம் உருவி எறியுங்கள்.

வாளி பிளாஸ்டிக்காக, சோப்புப் போட்டுத் தேய்த்ததாக இருக்கட்டும். உப்புப் படியும் போர்த் தண்ணீரைவிட கேன் தண்ணீர் நல்லது. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, நாலைந்து சொட்டு ப்ளீச் திரவம். மொட்டு விரிய சர்க்கரை வேண்டும். ஆனால் சர்க்கரை கிருமிக்கும் விருந்து, அதற்குத்தான் ப்ளீச். சாற்றையும் ப்ளீச்சையும் நேராக ஒன்றோடொன்று கலக்காமல், முழு வாளித் தண்ணீரில் தனித்தனியாக விடுங்கள். கடையில் விற்கும் பூ உணவுப் பொட்டலம் கிடைத்தால் இந்தக் கைவைத்தியமே தேவையில்லை. இரண்டு மூன்று மணி நேரம், இருப்பதிலேயே குளிர்ந்த அறையில் நிற்கட்டும்.

அந்த அறையில்தான் வம்பு. ஒரு சித்திரை முகூர்த்தத்துக்கு, மண்டபத்துப் பின்னறையில் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். பந்திக்கான வாழைப்பழத் தார்களை யாரோ அதே அறையில் இறக்கிக் கதவையும் சாத்தியிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால், வெள்ளையாக இருந்ததெல்லாம் சுருண்டு ரவை போல. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுதான் காரணம். பழுக்க வைக்கும் அறைகளில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை இதற்கு அனுமதி உண்டு; ஜிப்சி கெட அதில் ஒரு பங்கே அதிகம். ஜெனரேட்டர் புகை, சாம்பிராணிப் புகை எல்லாவற்றிலும் இது உண்டு. பழம் வைத்த ஃபிரிட்ஜும் ஆகாது. நல்ல தோட்டக்காரர்கள் அறுத்த உடனேயே வெள்ளி கலந்த எஸ்.டி.எஸ். மருந்தில் தண்டை நிறுத்துவார்கள். அது எத்திலீன் பூவைத் தாக்காமல் தடுக்கும். "எஸ்.டி.எஸ். போட்டதா அண்ணே?" என்று வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாமல் போனாலும், அடுத்த முறை உங்களிடம் பழைய சரக்கைத் தள்ள யோசிப்பார்.

மேடையில் பூத்தண்டு குத்தும் ஃபோமைத் தண்ணீரில் அமுக்காதீர்கள். மிதக்கவிட்டால் தானே குடித்து மூழ்கும். அமுக்கினால் நடுவில் காய்ந்தே கிடக்கும். ஒருமுறை குத்திய தண்டைப் பிடுங்கி அதே ஓட்டையில் திரும்பக் குத்தக் கூடாது. ஜிப்சியைக் கடைசியாகச் செருகுங்கள், ஃபோகஸ் லைட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாத பக்கமாக. அக்னி நட்சத்திரத்தில் ரேட் பேசும்போதே இரண்டு கட்டு கூடுதலாகக் கணக்கில் சேர்த்துப் பெண் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் தரமாட்டார்கள், கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போதே மிச்சத்தைச் சேகரியுங்கள். மேடையைக் கலைக்க வரும் ஆட்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள். நிழலில் கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் உதிராமல் காயும். ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, உலர்பூப் பொக்கே கட்ட அந்தக் கொத்துகள்தான் கைகொடுக்கும்.